கையில் ஊதும் அப்பா

ஆத்-பாஷி,
2018 அக்டோபர் 11

கனிஷாய்,

ஆடுமாடு நலமா, குதிரை நலமா, பக்கத்து வீட்டார் நலமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடிக்க அரைப் பக்கம் ஆகும். இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

நேற்று பெர்மெத்தின் அப்பா சாவுக்குப் போயிருந்தேன். என்னோடு படித்தவள், இப்போது என் பள்ளியிலேயே கணக்கு ஆசிரியை. துக்கக் கூடாரத்துக்குள் நாங்கள் வழக்கப்படி வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். வெளியே புதிதாக ஆட்கள் வந்து குரலெடுத்து அழுததும், பெர்மெத் உள்ளேயிருந்து பதில் ஒப்பாரி தொடங்கினாள்.

முதல் நாலு வரி ஊரில் எல்லோரும் பாடுவதுதான். வெள்ளை வல்லூறே, கருங்குதிரை வீரனே. அவள் அப்பா ஆயுள் முழுக்கத் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். இருக்கட்டும், சாவில் அவ்வளவு பொய் எல்லோரும் சொல்வதுதான். ஐந்தாவது வரி வந்தது.

வாசலில் நின்று கையில் ஊதி,
சூடு வந்த பிறகே என் கன்னம் தொட்ட அப்பா.

கனிஷாய், அது நம் அப்பா. கணவாய்ச் சாலையில் பகலெல்லாம் பனி தள்ளிவிட்டு வந்து, வாசலிலேயே நின்று, இரண்டு கையிலும் ஊதிச் சூடாக்கிக்கொண்டுதான் நம்மைத் தொடுவார். பெர்மெத்தின் அப்பா கை அவள் கன்னத்தில் எப்படிப் படும் என்று எங்கள் வகுப்புக்கே தெரியும். வீங்கிய கன்னத்தோடு எத்தனை நாள் வந்திருக்கிறாள்.

பிறகு பாத்திரம் கழுவும்போது கேட்டேன்.

“அந்தப் பாட்டு ஏது?”

“கைப்பேசியில இருக்கு. கூடாரம், கொப்பரை, தட்டு எல்லாம் பிஷ்கெக்லேருந்து வாடகைக்கு எடுத்தோம்ல, அதோட சேர்த்துக் குடுத்தாங்க. அப்பாவுக்குன்னே எட்டுப் பாட்டு. எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க. பேரை மட்டும் மாத்திக்கணும்.”

முக்காட்டுக்குள்ளிருந்து இயர்போனை உருவி என் காதில் வைத்தாள். உன் குரல்.

உன் எண்ணைத் தடுத்துவிட்டேன். பேசினால் என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். விற்கிற குரல் எது, வீட்டுக் குரல் எது என்று எனக்கு இனிப் பிரித்துத் தெரியாது. எழுது. எர்மெக் வாரத்துக்கு இரண்டு நடை டாக்சி ஓட்டிக்கொண்டு அங்கே வருகிறான், அவனிடம் கொடு.

அந்தப் பாட்டை எடுத்துவிடு. நான் கேட்பது அவ்வளவுதான்.

அசில்கான்


பிஷ்கெக்,
அக்டோபர் 19

அக்கா,

ஆடுமாடு நலம்தானே? நான் கேட்பேன். ஒன்பதாவது மாடியில் என்னைத் திருப்பி விசாரிக்க ஒரு பூனைகூடக் கிடையாது.

எர்மெக் உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான். “என்ன அக்கா, இந்தக் காலத்துல கடிதாசி? யாராவது உங்களை மறுபடி பொண்ணு கேக்கறாங்களோ?” என்றான். ஆமாம், கிழவன்தான், ஆனால் சொந்தமாக டாக்சி வைத்திருக்கிறான் என்றேன். வண்டியைக் கிளப்பிவிட்டான்.

பதினொரு வருஷம் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் நடத்தினேன். கடைசி வகுப்பில் நான்கு பேர் இருந்தார்கள். இப்போது நான் வேலை பார்க்கும் நிறுவனம் கல்யாணம், தொட்டில் விழா, சாவு எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துச் செய்கிறது. எட்டு ஒப்பாரி பதிவு செய்து கொடுங்கள் என்றார்கள். ஏழு பாட்டை ஒரே வாரத்தில் கட்டினேன், அது கடினமே இல்லை. எட்டாவது வரவில்லை. அப்பாவுக்குப் பாடியதைக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று.

யார் வாங்குகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. போன மாதம் ஒரு பெண் வந்தாள். வங்கியில் வேலை, ரஷ்ய மொழி மட்டும்தான் தெரியும், நம் மொழி வராது. “எங்க அப்பான்னா எனக்கு உசிரு. ஆனா அதைச் சொல்ற பாஷை எங்கிட்ட இல்ல. ஊர்ல நான் சும்மா அழுதா, பொண்ணை எப்படி வளர்த்திருக்கான் பாருன்னு அவரைத்தான் சொல்லுவாங்க” என்றாள். ஒவ்வொரு சொல்லாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்தாள். அவளை ஊமையாக உட்காரச் சொல்லியிருக்க வேண்டுமா?

இன்னொன்று. அப்பாவின் கூடாரத்தில் மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நான் ஒருத்தியே பதில் சொன்னேன். மூன்றாம் நாள் எனக்குக் குரலே இல்லை. அப்போது ‘பாடு’ என்று விலாவில் இடித்தீர்கள். இப்போது ‘எடு’ என்கிறீர்கள். அது நான் கட்டிய பாட்டு அக்கா.

கனிஷாய்


ஆத்-பாஷி,
நவம்பர் 6

கனிஷாய்,

நீ கட்டியதுதான். மறுக்கவில்லை.

எனக்குச் சொல் வராது. வேதியியல் சமன்பாடு எழுதச் சொன்னால் இரண்டு பக்கமும் சரியாக நிறுத்துவேன். அப்பாவின் கூடாரத்தில் எனக்கு நாக்கு அசையவில்லை. நீ பாடப் பாட, ஆமாம் இதுதான், இதைத்தான் சொல்ல நினைத்தேன் என்று இருந்தது. அன்றிலிருந்து காலையில் அடுப்பு மூட்டும்போது உன் வரிகளை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். நான்கு வருஷமாக. இதை உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொன்னால் பெர்மெத்தின் குரலில் கேட்கிறது.

அவளை ஆசிரியர் அறையில் மடக்கினேன். “உங்க அப்பா எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியும். அந்த வரியை எப்படிப் பாடினே?” என்றேன். அவள் கோபப்படவில்லை. “பாடும்போது எனக்கும் அப்படி ஒரு அப்பா இருந்த மாதிரி இருந்துச்சு அசில்கான். மூணு நாள் இருந்தார்” என்றாள். நான் வகுப்புக்குப் போய்விட்டேன். இதைப் படித்து நீ சந்தோஷப்படலாம். எனக்குச் சந்தோஷமில்லை.

அம்மாவிடம் நீ செய்ததைச் சொல்லவில்லை. அவள் இப்போது ஒரு சாவையும் விடுவதில்லை. முழங்கால் மடங்காது, ஆனாலும் சுற்றி மூன்று கிராமத்தில் யார் போனாலும் எர்மெக் வண்டியில் ஏறிவிடுகிறாள். தெரிந்தவர், தெரியாதவர் கணக்கில்லை. “என்ன, சாவு விருந்து இறைச்சிக்கா?” என்று கேட்டேன். “ஆமா, இருக்கிற மூணு பல்லுக்கு” என்கிறாள். வீட்டில் என்னோடு பேச ஒன்றுமில்லை, அதனால் போகிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஏதாவது ஒரு கூடாரத்தில் அவளும் கேட்டுவிடுவாள். அதற்கு முன் எடுத்துவிடு.

அசில்கான்


பிஷ்கெக்,
டிசம்பர் 2

அக்கா,

மேலாளர் ருஸ்லானிடம் கேட்டேன். முப்பது வயதுக்காரன். நான் செய்த வேலையை என்னை விட நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறான்.

“எது, ‘கையில ஊதற அப்பா’வா? விளையாடாதீங்க அக்கா. அது ஒண்ணுதான் ஓடுது. அதை எடுத்துட்டா மிச்ச ஏழு பாட்டையும் யார் சீண்டுவாங்க?”

“அது என் சொந்த அப்பாடா.”

“அதான் ஓடுது.”

பேனாவைத் தட்டினான். “ஒண்ணு செய்யலாம். அம்மாவுக்கு நம்மகிட்ட நல்லதா எதுவுமே இல்ல. வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. இதே மாதிரி நிஜமா ஒண்ணு. நீங்க அம்மாவைக் குடுங்க, அப்பாவை எடுத்துக்கிட்டுப் போங்க.”

கசாப்புக் கடையில் தொடைக்குப் பதில் விலா கேட்பது போலப் பேசினான். எங்கள் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்றேன். “எழுதத்தானே சொன்னேன்” என்றான். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். முடியாது என்று சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன். உங்களிடம் மறைக்கக் கூடாது.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? தனியாக இருக்கும்போது உங்களுக்குள் யார் பேசுகிறார்கள்? எனக்குள் வாடிக்கையாளருக்கு எழுதிய வாழ்த்துகள்தான் ஓடுகின்றன. பக்கத்து வீட்டு அம்மாள் மின்தூக்கியில் “எப்படியிருக்கே?” என்றாள். ஒப்பாரி வரி போல ஏழு அசையில் பதில் சொன்னேன். “அழகாப் பேசறே” என்றாள். நான் எப்படியிருக்கிறேன் என்பது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அம்மாவோடு ஐந்து நிமிஷம் பேச விடுங்கள். உங்கள் கைப்பேசியில்தானே அவள் பேச முடியும்.

கனிஷாய்


ஆத்-பாஷி,
2019 பிப்ரவரி 10

கனிஷாய்,

பதில் எழுத இரண்டு மாதம் ஆயிற்று. எழுதக் கூடாதென்று இருந்தேன். நேற்று நடந்ததால் எழுதுகிறேன்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு சாவு. பனி அதிகம், அம்மாவைத் தனியே அனுப்பப் பயந்து நானும் போனேன். கூடாரத்தில் ஒரு சின்னப் பெண் பாடினாள். அதே பாட்டு. அம்மாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. திரும்பும் வழியில் வண்டியில் அவளே ஆரம்பித்தாள்.

“அந்தப் பொண்ணு ஒரு அடியை விழுங்கிட்டா.”

“எந்த அடி?”

“முதல்ல இடது கையில ஊதுவார்னு வரணும். விட்டுட்டா. சாதிர்பெக்குக்கு என்ன ஒரு கைதானா?”

“அம்மா, உனக்குத் தெரியுமா?”

“என் புருஷனை எனக்குத் தெரியாதா?”

எர்மெக் சிரித்து வண்டியைப் பள்ளத்தில் விட்டான். அவனை இரண்டு திட்டுத் திட்டிவிட்டு அம்மா சொன்னாள்: “நான் சாவுக்கா போறேன்? உங்கப்பாவைக் கேக்கப் போறேன். நம்ம வீட்டுல யார் அவர் பேச்சை எடுக்கறா? நீ வாயே திறக்க மாட்டே. அவ அங்க இருக்கா. கண்டவங்க வீட்டுல போய் உட்கார்ந்தாத்தான் எனக்கு உண்டு.”

நான்கு வருஷம் தினமும் அவள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன்.

எடுக்காதே. அம்மா இருக்கும்வரை அந்தப் பாட்டு இருக்கட்டும். எனக்கு அது இன்னமும் பிடிக்கவில்லை. ஆனால் நான் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அங்கே வரும் வழியில் தோலோன் கணவாயில் பனிச்சரிவு என்கிறார்கள். எர்மெக் எப்போது புறப்படுவானோ.

அசில்கான்


பிஷ்கெக்,
பிப்ரவரி 12

அக்கா,

அப்பாவை மீட்டுவிட்டேன்!

டிசம்பரிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவோடு பேசவும் விடவில்லை. உங்கள் கோபம் தீர ஒரே வழிதான் தெரிந்தது. நேற்று ருஸ்லான் என் கண்ணெதிரே பாட்டை நீக்கினான். வாங்கியவர்கள் கைப்பேசியில் இருந்ததும் போய்விட்டதாம், அப்படித்தான் அது வேலை செய்யுமாம்.

பதிலுக்கு அம்மாவைக் கொடுத்தேன். திட்டாதீர்கள், முழுக்கப் படியுங்கள். இரண்டே நாளில் வந்தது. பல வருஷத்துக்குப் பிறகு எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. அப்பா கணவாயிலேயே தங்கிவிடும் நாட்களில் அம்மா அவருக்கும் ஒரு கிண்ணம் வைத்துத் தேநீர் ஊற்றுவாளே, ஆறியதும் தானே எடுத்துக் குடிப்பாளே, அது இருக்கிறது. நம்மேல் கோபம் வந்தால் ஆடுகளை நம் பெயர் சொல்லித் திட்டுவாளே, அதுவும் இருக்கிறது. பதிவு அறையில் இயந்திரத்தை இயக்கும் பையன்கூட மூக்கை உறிஞ்சினான்.

அம்மா இன்னும் இருபது வருஷம் இருப்பாள். அதற்குள் இது பழசாகி எவரும் தொடமாட்டார்கள். அப்பா நமக்குத் திரும்பி வந்துவிட்டார். இனி அடுப்பு மூட்டும்போது அவர் உங்களுக்கு மட்டும்தான்.

சாலை மூடியிருக்கிறது. திறந்ததும் இந்தக் கடிதம் வரும்.

கனிஷாய்


ஆத்-பாஷி,
மார்ச் 27

கனிஷாய்,

சாலை திறக்கும்வரை என் கடிதம் எர்மெக்கின் பெட்டியிலும் உன்னுடையது உன்னிடமும் கிடந்திருக்கின்றன. எழுதியதைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பத்து நாள் முன்பு மேலத்தெருவில் ஒரு கிழவி இறந்தாள். அம்மா போனாள், நானும் போனேன். இறந்தது பெண், அதனால் அப்பா பாட்டு வராது என்று அவளுக்குத் தெரியும். வழக்கம் விடாமல் போனாள். மருமகள் பாடத் தொடங்கினாள். கிண்ணத்து வரி வந்தது. அம்மா அசையவில்லை. ஆட்டு வரி வந்தது. எல்லாப் பெண்களும் அங்கேதான் உடைந்து அழுதார்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். துக்கக் கூடாரத்துக்குள், கனிஷாய். எல்லோரும் திரும்பினார்கள்.

வெளியே வந்து அந்த மருமகளிடம் கேட்டாள்: “இதுக்கு முன்னாடி ஒண்ணு இருந்துச்சே, அப்பாவுக்கு. அது இருக்கா?”

“அது எடுத்துட்டாங்க பெரியம்மா. இப்ப இது புதுசு. அதைவிட நல்லாயிருக்குல்ல?”

வண்டியில் ஏறினாள். பிறகு, “இந்த வட்டாரத்துல ஆட்டுக்குப் பொண்ணுங்க பேரை வச்சுத் திட்டினவ நான் ஒருத்திதான். நல்லாத்தான் பண்ணியிருக்கா. ஆனா நான் இன்னும் சாகலையே” என்றாள்.

வாசலில் அவளைக் கைபிடித்து இறக்கினேன். அவளே சொன்னாள்: “எனக்கு அதைப் பாடாதீங்க. அதை நான் கேட்டாச்சு.”

“வேற என்ன பாடறது அம்மா?”

“ஒண்ணும் வரலேன்னா சும்மா உட்காருங்க. கூரையா விழுந்திடப்போகுது?”

அதற்குப் பிறகு இரண்டு சாவு விழுந்தது. எர்மெக் வாசலில் ஹாரன் அடித்தான். ஜன்னலிலிருந்து கையை ஆட்டி அவனைப் போகச் சொல்லிவிட்டாள்.

அசில்கான்


பிஷ்கெக்,
மார்ச் 31

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

ருஸ்லானிடம் ஓடினேன். அப்பாவைத் திரும்பப் போடு, அம்மாவை எடு என்றேன். “அக்கா, இது துணிக்கடையா, மாத்திக்கிட்டே இருக்க?” என்றான். அம்மா பாட்டு ஓடுகிறதாம். இரண்டையும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்கிறான். நான் வந்துவிட்டேன்.

நான் வரட்டுமா? அம்மா என் முகத்தைப் பார்ப்பாளா?

ஒரே ஒரு கேள்வி. கேட்கக் கூடாது என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன். கிண்ணத்து வரி வந்தபோது அசையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவள் முகம் எப்படி இருந்தது?

கனிஷாய்


பிஷ்கெக்,
மே 29

அக்கா,

அந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. நியாயம்தான். ஏப்ரல் முழுக்க, அக்கா சொல்லட்டும், வருகிறேன் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். பிறகு மே பதினான்காம் தேதி காலை கைப்பேசியில் உங்கள் பெயர். “அம்மா போயிட்டா. வா.” ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்ட உங்கள் குரல் அவ்வளவுதான். அதன்பின் என் எண்ணை மறுபடி தடுத்தீர்களா என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை.

ஏழாம் நாளே கிளம்பி வந்ததற்குக் கோபமா? ஊர்ப் பார்வையைத் தாங்க முடியவில்லை. நீங்கள் அங்கேயே இருக்க வேண்டியவர். நான் ஓடி வந்துவிட்டேன்.

அந்த முதல் மணிநேரத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். வெளியே மாமா வீட்டு ஆண்கள் தடியை ஊன்றி நின்று, “என் தாயே, என் தாயே” என்று கதறுகிறார்கள். உள்ளிருந்து மகள்கள் பதில் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். கிண்ணம் என்ற சொல் வந்துவிட்டது. நீங்கள் என் முழங்கையைப் பிடித்தீர்கள். நிறுத்தினேன். வேறொன்றைத் தேடினேன். அன்னமே என்று வந்தது, விற்றது. நிலவே என்று வந்தது, விற்றது. உள்ளே எங்கே கைவிட்டாலும் விற்ற சரக்கு.

அப்போதுதான் பெர்மெத் குனிந்து இயர்போனை நீட்டினாள். “இந்தா, வெட்கப்படாதே. நாங்க எல்லாம் இதைத்தான் வச்சுக்கறோம். யாரோ ஒரு பிஷ்கெக்காரி பாடினது, உங்கம்மாவுக்குன்னே கட்டின மாதிரி இருக்கும்.” அவளுக்கு உண்மையிலேயே தெரியாது, பாவம். அதிலிருந்து என் குரல் கொசு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் வாங்கிப் பாட்டை நிறுத்தித் திருப்பிக் கொடுத்தீர்கள்.

ஆண்கள் அழுது முடித்தார்கள். காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். யாரோ மெதுவாகக் கேட்டார்கள்: “உள்ளே யாருமே இல்லையா?”

மூன்று நாளும் அப்படியே இருந்தோம். அத்தை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “நாய் செத்தாக்கூட ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க. ஒருத்தி பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தறவ, ஒருத்தி பல்கலைக்கழகத்துல நடத்தினவ. பேசாம இருக்கத்தான் இத்தனை படிப்பு.” மசூதி இமாம் மட்டும் நம்மைப் பாராட்டினார், ஒப்பாரி பாவம் என்று இவர்களாவது புரிந்துகொண்டார்களே என்று. அதுதான் எனக்கு அத்தை சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

அம்மா சும்மா உட்காரச் சொன்னது நம்மை மன்னித்தா, தண்டித்தா? எனக்குத் தெரியவில்லை. வேலையை விடவில்லை. விட்டால் வேறு வழி தெரியாது. ஆனால் பதிவு அறைக்குப் போனால் முதல் வரியிலேயே நிறுத்திவிடுகிறேன். வேறொருத்தியைப் பழக்கிக் கொடுங்கள் என்கிறார்கள்.

கனிஷாய்


ஆத்-பாஷி,
ஜூன் 9

கனிஷாய்,

நீ ஓடிப் போனதில் கோபமில்லை. எனக்கு ஓட இடமிருந்தால் நானும் போயிருப்பேன்.

நாற்பது நாள்வரை பெண்கள் துக்கம் கேட்டு வந்துகொண்டே இருப்பார்கள். வாசலிலேயே அழுகையைத் தொடங்குவார்கள். நான் உள்ளிருந்து பாடி எதிர்கொள்ள வேண்டும். நான் வாசலுக்குப் போய், “வாங்க, உட்காருங்க” என்று சொல்லித் தேநீர் ஊற்றுகிறேன். கொண்டுவந்த அழுகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கிறார்கள். இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். இரண்டு வாரமாக யாரும் வருவதில்லை. பள்ளியில் எல்லோரும் என்னிடம் மிகவும் மரியாதையாக இருக்கிறார்கள். பெர்மெத்கூட.

அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாய். எழுதாமல் இருந்தது தண்டிக்க அல்ல. நான் பார்க்கவில்லை. அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஒரு வரி வந்தது. வரி என்று சொல்லலாமா தெரியாது. அசை கணக்கில் நிற்காது, எதுகை கிடையாது. அம்மாவைப் பற்றியது. உன் பாட்டில் இல்லாதது, உனக்குத் தெரியாதது. வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, துடைத்துவிட்டு இன்னொரு முறை சொன்னேன். ஐம்பது வயது ஆகப்போகிறது, என் குரல் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். நீ வேண்டுமென்று எடுக்கமாட்டாய், உன் நாக்கு எடுத்துவிடும். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, இல்லையென்று சொல்லி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் உன்னைத் தவிர அதைக் கேட்க வேண்டியவர் எனக்கு வேறு யாருமில்லை.

நாற்பதாம் நாள் இருபத்திரண்டாம் தேதி வருகிறது. ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடு. ஊர் வருவதற்குள், நாம் இரண்டு பேர் மட்டும். என் முகத்தைப் பார்த்து உட்கார். ஒரு முறைதான் சொல்வேன்.

அசில்கான்